நடுக் குஷனின் நிறம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முதலாளி சென்னியப்பன் நேற்று ஒரு டயரியை என் கையில் திணித்தார். ஃபோம் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்தது. யார் தலையிலும் கட்ட முடியாமல் ஏழு மாதமாக அவர் மேசையிலேயே கிடந்தது. "அம்சவேணி, பெங்களூர்க் கண்காட்சில பாத்ததயெல்லாம் இதுல எழுதி வை. சோபாத் துணில இப்ப என்ன ஓடுதுன்னு கஸ்டமரு கேட்டா நீதான் சொல்லோணும். இனி நம்ம கடைக்கு நீதான் டிரெண்டு" என்றார். நாற்பத்தாறு வயதில், முட்டிவலியோடு, ஒருத்தி டிரெண்ட் ஆவது லேசுப்பட்ட காரியமா? பெருமையாகத்தான் இருந்தது.

ஆகவே எழுதுகிறேன். இந்த வருஷம் திரும்பின பக்கமெல்லாம் பூக்லே. ஆட்டுக்குட்டி முதுகு மாதிரி சுருள் சுருளாக இருக்கும் துணி. அதிலும் வெள்ளைதான் வேண்டுமாம். வீட்டில் நாய் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், தினமும் சாம்பார் இருக்கிறது. இருந்தாலும் வெள்ளை. அடுத்தது மண் நிறங்கள். செங்கல் கலருக்கு டெரகோட்டா என்று பெயர், பாசிக் கலருக்கு ஆலிவ், சாக்குக் கலருக்கு நேச்சுரல். இத்தனை வருஷமும் நேச்சுரலில்தான் கால் துடைத்துக்கொண்டிருந்தோம் என்பது தெரியாமலே போய்விட்டது. அப்புறம் கறை ஒட்டாத துணி. கண்காட்சியில் ஒருவர் அதன்மேல் காபியை ஊற்றிக் காட்டினார். காபி முத்து முத்தாக உருண்டு ஓடி வந்து என் சேலையில் நின்றது. சேலை அந்த ரகம் இல்லை.

பளபள ரெக்சின் செத்துவிட்டது. தாம்பாளம் அளவு ரோஜாப்பூப் போட்டதும் செத்துவிட்டது. வெல்வெட் மட்டும் சாகவே சாகாது போலிருக்கிறது.

என் வீட்டில் இருப்பவை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் நான் உட்காருவேன். இன்னொன்றில் துவைத்த துணி உட்காரும்.

ஆகஸ்ட் 6, புதன்

டாக்டர் பூங்கொடி வந்தார். வடவள்ளியில் புது வீடு கட்டியிருக்கிறார், இருபத்தெட்டாம் தேதி புதுமனை புகுவிழா. வெள்ளை பூக்லே கேட்டார். நான் நாலு நாள் சர்வீஸ் உள்ள டிரெண்ட் அல்லவா, சும்மா விடுவேனா? "பூக்லே இப்ப எல்லாரும் போடறாங்க மேடம். உங்க ஹாலுக்கு மயில்பச்சை வெல்வெட்டுதானுங்க" என்று முக்கால் மணி நேரம் பேசி மாற்றிவிட்டேன். போன மாதம் வரை வெல்வெட்டைத் தூசி பிடிக்கிற சனியன் என்று திட்டிக்கொண்டிருந்தவளும் நான்தான்.

வெல்வெட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. அதன் மயிர் ஒரே பக்கமாகப் படிந்திருக்கும். அதை வாட்டம் என்போம். வாட்டத்தோடு பார்த்தால் வெளிறித் தெரியும், எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால் கறுத்துத் தெரியும். ஒரு சோபாவில் ஒரேயொரு துண்டைத் திருப்பி வைத்துத் தைத்தாலும் அது வேறு துணி மாதிரி நிற்கும். அதனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். துணியை வெட்டுவது நான். வெட்டிய ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும், வாட்டம் எந்தப் பக்கம் என்று சாக்கட்டியால் அம்புக்குறி போடுவதும் நான். அம்பைப் பார்த்துத் தைப்பது மாஸ்டர்.

மாஸ்டர் என்றால் மாரண்ணன். செல்வபுரத்தில் பட்டறை. பதினோரு வருஷமாக எங்கள் கடைச் சோபாக்களுக்கெல்லாம் அவர்தான். மனைவி தவறி ஆறு வருஷம் ஆகிறது. (இது டிரெண்டில் சேராது. எழுதிவிட்டேன், போகட்டும்.) பெயரிலேயே ஓர் அண்ணன் இருப்பதால் நான் தனியாக ஒரு அண்ணா போட வேண்டிய அவசியம் இல்லை. கடையில் மற்ற பெண்களை அவர் மேடம் என்பார். என்னை அம்மிணி என்பார். நான் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, சும்மா காதில் விழுந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

டாக்டர் வீட்டுத் துணியை வெட்டினேன். மாஸ்டர் அளவுச் சீட்டோடு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. சோபாப் பட்டறைக்காரர் திங்கட்கிழமை காலையில் இஸ்திரிச் சட்டையில் வந்தால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வராதா?

"என்னுங் மாஸ்டர், விசேசமுங்களா?"

"எங்கக்கா ஒரு எடம் சொல்லுதுங் அம்மிணி. அந்தியூர்ப் பக்கம். டீச்சராமா. வூட்டுக்காரர் இல்லாதவங்க. நேத்துப் போயிப் பாத்தமுங். விடியால பஸ்ஸப் புடிச்சு நேரா இங்கதான் வாரன்." அளவுச் சீட்டை மடித்து விரித்தார். "நீங்க என்ன சொல்றீங்?"

என்னை எதற்குக் கேட்க வேண்டும்? நான் என்ன கல்யாணத் தரகரா? "நல்லதுங்க. டீச்சருன்னா லீவு நெறைய வரும்" என்றேன். இருபத்தெட்டு வயதில் புருஷனை விட்டு வந்தவள் இன்னொருவர் கல்யாணத்துக்குச் சொல்லும் யோசனையைப் பாருங்கள்.

அவர் நகரவில்லை. "வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லீங்களா?"

"வேறென்னங்க சொல்றது? அளவைச் சொல்லுங்க."

சொன்னார். வெட்டினேன். கை நடுங்கவில்லை, மனம் அலையவில்லை. ஒன்பது துண்டு, ஒன்பது அம்பு. இதையெல்லாம் எழுத வேண்டிய அவசியமே இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அந்தியூர் எவ்வளவு தூரம் என்று போனில் சும்மா போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். நல்ல தூரம்.

ஆகஸ்ட் 16, சனி

ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அவருக்குத் தோல் மாதிரி இருக்க வேண்டுமாம், அந்த அம்மாவுக்கு லினன்தான் வேண்டுமாம். ஒரு மணி நேரம் சண்டை. "சோபா தோல்ல, சேர் ரெண்டும் லினன்ல போட்டுக்கலாமுங்க. இப்ப கலந்து போடறதுதான் டிரெண்டு" என்று சமாதானம் செய்து அனுப்பினேன். அப்படி ஒரு டிரெண்ட் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருவரும் கையைக் கோத்துக்கொண்டு போனார்கள். ஊர் வீட்டு விவகாரம் எல்லாம் எனக்கு நன்றாகத்தான் வருகிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நேற்று டாக்டர் வீட்டில் சோபாவை இறக்கினார்கள். இன்று காலை பத்தரைக்கு அவரிடமிருந்து போன். "மூணு குஷன்ல நடுவுல இருக்கறது மட்டும் கறுப்பா இருக்கு. ஒரே சோபாவுக்கு ரெண்டு துணியா போட்டீங்க?" நேற்று பிளாஸ்டிக் கவரோடு வைத்துவிட்டு வந்ததால் யாரும் கவனிக்கவில்லை. காலையில் கவரைப் பிரித்து, ஹாலில் வெயிலும் விழுந்ததும் தெரிந்துவிட்டது.

மாஸ்டரே போய் நடுக் குஷனின் உறையைக் கழற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். முதலாளி அவரைக் கஸ்டமர்கள் முன்னாலேயே பிடித்துக்கொண்டார். "பதினோரு வருசமாத் தெக்கற, வாட்டம் தெரியாதா உனக்கு? வயசாயிருச்சுன்னாச் சொல்லீரு, வேற ஆளப் பாத்துக்கறேன்."

மாஸ்டர் தரையைப் பார்த்தபடி நின்றார். "அவசரத்துல நாந்தான் திருப்பி வெச்சுட்டனாட்ட இருக்குதுங். புதுசாத் தெச்சுக் குடுத்தர்றனுங்."

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு கொட்டாவி வந்துவிட்டது.

உறையை என் மேசைமேல் போட்டுவிட்டுப் போனார்கள். எல்லாரும் சாப்பிடப் போன பிறகு ஜிப்பைத் திறந்து உள்பக்கம் பார்த்தேன். சாக்கட்டித் தூசி இருந்தது. சாக்கட்டி வெல்வெட்டுக்கு ஆகாது. ஈரக் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்துவிட்டேன். எதிலும் சுத்தம் முக்கியம்.

ஆகஸ்ட் 20, புதன்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். சாக்கட்டி வெல்வெட்டுக்கு ஆகாதாம். இருபது வருஷமாக வேறு எதில் போட்டுக்கொண்டிருந்தேனாம்?

ஆகஸ்ட் 21, வியாழன்

மாஸ்டர் வந்திருந்தார். முகம் செத்துப்போய்க் கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்துக் கடையில் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொன்னேன். "போச்சாது உடுங்க மாஸ்டர். மனுசனுக்குத் தப்பு வராதா? அடுத்த வாட்டி மட்டும் நிதானமாப் பாத்துத் தையுங்க" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

"இத்தன பேர்ல ஆரும் ஒரு வார்த்த கேக்கலீங். நீங்கதான் கேட்டீங் அம்மிணி" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. பன்னைப் பிய்த்துப் பாதியை எனக்கே கொடுத்தார். வாங்கித் தின்றேன். பன் நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் கொடுமை.

சாயங்காலம் முதலாளி இன்னொன்று சொன்னார். பொள்ளாச்சி ஓட்டல் ஒன்றின் அறுபது நாற்காலிகளை மாரண்ணனுக்கென்று பேசி வைத்திருந்தது. அதை வேறு பட்டறைக்குக் கொடுக்கிறாராம். டாக்டர் வீட்டு விசேஷம் முடிந்ததும் மாரண்ணனை மொத்தமாகவே நிறுத்திவிடப் போகிறாராம். இன்னும் அவரிடம் சொல்லவில்லையாம். மாஸ்டருக்கு எங்கள் கடையைத் தவிர வேறு கடை கிடையாது. மற்றவர்கள் கூப்பிட்டபோதெல்லாம் போகாமல் இருந்தவர்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

டிரெண்ட் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சரி, எழுதித் தொலைக்கிறேன். இந்த டயரியை முதலாளியிடம் காட்டும் நிலைமை தாண்டி ரொம்ப நாளாயிற்று.

உறைக்குள் தூசி இல்லை. என் அம்பு இருந்தது. வெல்வெட்டைத் தடவிப் பார்த்தேன். மயிர் ஒரு பக்கம் போகிறது, அம்பு மறுபக்கம் போகிறது. மாஸ்டர் எதையும் திருப்பி வைக்கவில்லை. நான் போட்டபடிதான் தைத்திருக்கிறார். ஒன்பது அம்பில் ஒன்றைத் தலைகீழாகப் போட்டவள் நான். பார்த்தவுடன் கைக்குட்டையை நனைத்தேன். யோசிக்கக்கூட இல்லை. திருட்டுத்தனம் எனக்கு இவ்வளவு சுளுவாக வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதலாளி அரைமணி நேரம் கத்தியிருப்பார். என்னை நிறுத்தமாட்டார். பூக்லே என்ற வார்த்தையை அங்கே வேறு யாரும் தைரியமாகச் சொல்வதில்லை. இருந்தும் நான் சொல்லவில்லை. மாஸ்டர் முன்னால் தப்புச் செய்தவளாக நிற்க வெட்கமாக இருந்தது. எப்படி அம்மிணி மாறிப்போச்சு என்று அவர் கேட்டுவிட்டால்? அந்தியூர் டீச்சரை நினைத்துக்கொண்டு அம்பு போட்டேன் என்று நட்டநடுக் கடையில் சொல்ல முடியுமா?

அவர் என்னை நல்லவளாக நினைக்க வேண்டும் என்பதற்காக அவர் பிழைப்பிலேயே கை வைத்திருக்கிறேன். எனக்கு அவரைப் பிடிக்கும். ஆறு வருஷமாகப் பிடிக்கும். எழுதிவிட்டேன். பேனா ஒன்றும் ஒடிந்துவிடவில்லை.

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் முதலாளி அறைக்குள் நுழைந்தேன். "சார், ஒரு விசயம்." நிமிர்ந்தார். "ஆலிவ் கலரு ஸ்டாக் தீந்துபோச்சுங்க" என்றேன். வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் போனேன். "டெரகோட்டாவும் தீந்துபோச்சுங்க." முதலாளி மிகவும் சந்தோஷப்பட்டார். நான் டிரெண்ட் ஆன பிறகுதான் கலர்த் துணி இப்படி ஓடுகிறதாம். ஆலிவ் இன்னும் நாற்பது மீட்டர் இருக்கிறது.

மத்தியானம், நடுக் குஷனுக்கான புதுத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு நானே செல்வபுரம் பட்டறைக்குப் போனேன். மாஸ்டரிடமே முதலில் சொல்லிவிட்டால் முதலாளியிடம் சொல்வது சுலபம் என்று கணக்கு. அவர் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அந்தியூர்ச் சேதி என்னாச்சுங்க?" என்றேன்.

"வேண்டாம்னு சொல்லிப்போட்டனுங்."

"ஏனுங்க? நல்ல எடம்தானுங்களே?"

"எடமெல்லாம் நல்ல எடம்தானுங் அம்மிணி" என்றார். மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். காது மடல் சிவந்திருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுத் துண்டை ஒப்படைத்துவிட்டு, போன காரியத்தைச் சொல்லாமலேயே பஸ் ஏறிவிட்டேன். உக்கடம் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். உட்கார சீட் கிடைத்திருந்தது, எழுந்திருக்க மனசு வரவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கடை லீவு. மாஸ்டருக்கு வேலை போகக்கூடாது, நானும் வாயைத் திறக்கக்கூடாது, எல்லாம் தானாகச் சரியாகிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிள்ளையார் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. கொழுக்கட்டையும் விண்டு போயிற்று.

ஆகஸ்ட் 28, வியாழன்

டாக்டர் வீட்டுப் புதுமனை புகுவிழா. கடையிலிருந்து நானும் முதலாளியும் போனோம். மாஸ்டர் அதிகாலையிலேயே வந்து புதுக் குஷனை மாட்டிவிட்டு, சோபாவைப் பிரஷ்ஷால் நீவிவிட்டு, சுவரோரமாக நின்றிருந்தார். மூன்று குஷனும் ஒரே மயில்பச்சை. குழந்தைகள் அதில் விரலால் இனிஷியல் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார்கள். வந்த பெண்களெல்லாம் துணி என்ன பெயர், எந்தக் கடை என்று கேட்டார்கள். டாக்டர் என் கையைப் பிடித்து எல்லாருக்கும் காட்டினார். எனக்கு அப்போதும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வெட்கங்கெட்ட ஜென்மம்.

நாலு பேர் புகழ்ந்ததும் முதலாளிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "தப்பு நடந்தாலும் நாங்க உட்டுட மாட்டமுங் டாக்டர். அந்த மாஸ்டர இன்னையோட நிறுத்திப்போடறேன். இனி உங்களுக்கு இப்படி ஆகாதுங்க" என்றார். மாஸ்டர் நாலடி தள்ளித்தான் நின்றிருந்தார். அவருக்கு அதுவரை தெரியாது. கையிலிருந்த பிரஷ்ஷைப் பைக்குள் போட்டார். குறி தவறி அது கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடியும் போட்டார்.

"தப்பு மாஸ்டருது இல்லீங்க" என்றேன். இந்தத் தடவை கொட்டாவி வரவில்லை. "அம்ப மாத்திப் போட்டது நானுங்க. அவரு நான் போட்டபடிதான் தெச்சிருக்கறாரு. உறை திரும்பி வந்த அன்னைக்கே உள்ள பாத்தேன். பாத்துட்டு, ஆருக்கும் தெரியக்கூடாதுன்னு அழிச்சுப்போட்டேன்."

முதலாளி என்னை முறைத்தார். டாக்டர் சோபாவை ஒரு தடவை பார்த்தார். "இப்பத்தான் மூணும் ஒரே கலர்ல இருக்குதுங்களே? வாங்க, பந்தி போட்டாச்சு" என்று எல்லாரையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பத்து நாளாக நான் நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தது அவருக்குப் பாயசத்தை ஆறவிடுகிற அளவு விஷயமாகக்கூட இல்லை.

மாஸ்டர் பந்திக்கு வரவில்லை. வாசலுக்கு ஓடினேன். மொபெட்டில் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், மன்னிச்சுக்கங்க."

"தப்பு ஆருக்கும் வருமுங். நானும் எத்தனையோ தெச்சுப் பிரிச்சிருக்கறன்." முடிச்சை இறுக்கினார். "வெல்வெட்டுன்னா, ஆரு வெட்டிக் குடுத்தாலும் உள்ளங்கையில ஒருவாட்டி தடவிப் பாத்துட்டுத்தான் மெஷின்ல வெப்பன். பட்டறைல எங்க மச்சான் வெட்டுனாலும் தடவுவன். நீங்க வெட்டுனத மட்டும் தடவுனதில்லீங். பதினோரு வருசமா ஒருநாளும் இல்ல."

மொபெட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"அம்பு மாறுனா மாறீட்டுப் போகுதுங். அழிச்சீங்களே. அழிச்சுப்போட்டு எனக்கு டீ வாங்கிக் குடுத்து, நிதானமாப் பாத்துத் தையுன்னு சொன்னீங்க. நானும் ஆகட்டும்னு கேட்டுட்டுக் குடிச்சன்." வண்டியை உதைத்துக் கிளப்பினார். "வரட்டுங்களா மேடம்."

மேடம் என்றார்.

ஆகஸ்ட் 30, சனி

முதலாளி அரைமணி நேரம் கத்தினார், நான் கணித்தபடியே. பிறகு மாரண்ணனுக்குப் போன் போட்டு, அறுபது நாற்காலியும் உனக்குத்தான், நிறுத்துகிறதெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்தில் சரிங் என்ற ஒரு சொல் மட்டும் கேட்டது. மாஸ்டரின் வேலை பிழைத்தது. என் டிரெண்ட் பதவி போய்விட்டது, பில் போடுகிற பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். அவள் பூக்லேயை முதல் தடவையிலேயே சரியாகச் சொல்கிறாள். எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

செப்டம்பர் 4, வியாழன்

பொள்ளாச்சி ஓட்டலுக்குச் செங்கல் நிற வெல்வெட். நேற்றும் இன்றுமாக அறுபது துண்டு வெட்டினேன். ஒவ்வொன்றையும் மூன்று தடவை தடவிப் பார்த்து அம்பு போட்டேன். மாஸ்டர் மூன்று மணிக்கு வந்தார். வாங்க என்றேன். தலையசைத்தார். அடுக்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவர் அதைக் கட்டி எடுத்துக்கொள்ளவில்லை. முதல் துண்டை எடுத்து வெட்டு மேசையில் விரித்தார். உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினார். புரட்டிப் போட்டு என் அம்பைப் பார்த்தார். ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தார்.

கடையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பில் போடுகிற பெண் என்னைப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்தாள். டீ சொல்லட்டுங்களா என்று நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை. கோபத்தில் தடவியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. கோபமே இல்லை. மச்சான் வெட்டிக் கொடுத்ததைத் தடவுகிற மாதிரி, யாரோ வெட்டிக் கொடுத்ததைத் தடவுகிற மாதிரி, வேலையாகத் தடவினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கத்திரிக்கோலைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

"எல்லாஞ் சரியா இருக்குதுங்" என்றார் கடைசியில்.

"இனி எப்பவும் பாத்துட்டே எடுத்துக்கங்க மாஸ்டர்" என்றேன்.

"ஆகட்டுமுங்" என்று கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அறுபதையும் தடவி முடிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. பதினோரு வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரே மேசை முன்னால் இவ்வளவு நேரம் நின்றது இதுதான் முதல் தடவை.